ஜாகுவார் ஈ-டைப்புக்கு எந்த டயர்? ஒரு நிகழ்வு ஆய்வு

1961 மார்ச்சில் ஜெனீவா கார்க் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தின் ஈ-டைப் என்ற விளையாட்டுக் கார் அறிமுகமான நாள்களிலேயே, பிரிட்டனின் இரண்டு முன்னணிக் கார் வார இதழ்கள் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டன. கூரை போட்ட கூப்பே வண்டியை ஓட்டிய ‘ஆட்டோகார்’ மணிக்கு 150.4 மைல், அதாவது ஏறத்தாழ 242 கி.மீ., எட்டியதாகப் பதிவு செய்தது. திறந்த வண்டியை ஓட்டிய ‘மோட்டார்’ இதழுக்கு 149.1 மைல் கிடைத்தது. ‘நூற்றைம்பது மைல் கார்’ என்ற பெயர் அன்று ஒட்டியது, இன்றும் உதிரவில்லை. ஆனால் அந்த உச்ச வேகம் எடுக்கப்பட்டது டன்லப் ஆர்5 என்ற பந்தய டயரில் என்பதையும், காசு கொடுத்து வாங்கியவருக்கு வந்த வண்டியில் இருந்தது டன்லப் ஆர்எஸ்5 என்ற வேறொரு டயர் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரே கார், ஒரே எஞ்சின், இரண்டு வேலைக்கு இரண்டு டயர் என்று அதைச் செய்தவர்களே முதல் நாளில் முடிவெடுத்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகு இந்த வண்டிக்கு டயர் தேடுபவர், ‘சந்தையில் சிறந்தது எது’ என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் வண்டி 1960களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் விற்பனையான முதல் வரிசை 4.2 லிட்டர் கூப்பே. தனிப்பட்ட உரிமையாளர் ஒருவருடைய கதையை நான் இங்கே சொல்லவில்லை. தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே இருக்கும் வண்டி, அதே 72 கம்பிச் சக்கரம், அதே 5 அங்குல அகல ரிம் என்று வைத்துக்கொள்கிறேன். அது பிரிட்டனின் சாலைகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர், மழையிலும் வெயிலிலும் ஓட வேண்டும். பந்தயத் தடத்துக்குப் போகப் போவதில்லை. கண்காட்சி நடுவர்களின் பரிசை நம்பியும் இல்லை. பெரும்பாலான ஈ-டைப்கள் இன்று வாழும் வாழ்க்கை இதுதான்.

பிறந்தபோது போட்டிருந்தது

ஆர்எஸ்5 டயரின் அளவு 6.40-15. முதல் எண் அங்குலத்தில் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். நம் ஊர் அம்பாசடர் பல்லாண்டுகள் ஓடிய 5.90-15 டயரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்துமுறை புதிதன்று. உட்கட்டமைப்பும் அதே குடும்பம்: இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் மறுக்கும் சாய்ந்து ஓடும் ‘கிராஸ்-பிளை’ டயர். லாரிப் பட்டறைகளில் ‘நைலான் டயர்’ என்று சொன்னால் புரிந்துகொள்ளப்படுவது இதுவே.

இந்த வகை டயரில் பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே இழைக் கூட்டால் ஆனவை. ஆகவே பக்கச்சுவர் வளையும்போதெல்லாம் தடப் பகுதியும் சேர்ந்து நெளிகிறது. நெளிவு வெப்பமாகிறது. வேகம் ஏற ஏற, தரையை விட்டு மேலெழும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுவதால், டயரின் பின்பக்கத்தில் அலை அலையான புடைப்பு நிலைத்து நிற்கத் தொடங்குகிறது. அந்த நிலையை ஒரு டயர் நெடுநேரம் தாங்காது. ரப்பர் இழையை விட்டுப் பிரிந்து, பாளம் பாளமாகக் கழன்றுவிடும். இதைத் தள்ளிப்போட அன்றிருந்த எளிய வழி காற்றழுத்தத்தைக் கூட்டுவது. அதனால்தான் ஈ-டைப்பின் கையேடு ஆர்எஸ்5 டயருக்கு இரண்டு அழுத்தக் கணக்குகளைத் தந்தது: மணிக்கு 130 மைல் வரை முன்னால் 23, பின்னால் 25 பி.எஸ்.ஐ.; அதற்கு மேல் ஓட்டுவதானால் 30, 35. இது வெறும் சம்பிரதாயக் குறிப்பாக இருக்கவில்லை. 1959இல் திறக்கப்பட்ட எம்1 நெடுஞ்சாலையில் அப்போது வேக வரம்பே கிடையாது. 70 மைல் வரம்பு 1965 டிசம்பரில்தான் சோதனை முறையில் வந்தது, 1967இல் நிலைபெற்றது. வாங்கிய மறுவாரமே ஒருவர் 130 மைலைத் தொட்டுப் பார்க்க முடிந்த காலம் அது.

குறைந்த அழுத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜாகுவாரின் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் விற்றது வேகத்தை மட்டுமல்ல, சொகுசையும்தான். 23 பி.எஸ்.ஐ.யில் உயரமான பக்கச்சுவருள்ள டயர் ஒரு கூடுதல் சுருள்வில்லாக வேலை செய்கிறது. ஈ-டைப்பின் முன்பக்க முறுக்குக் கம்பிகளும் பின்பக்கத்துத் தனித்தனிச் சக்கரத் தொங்கலும் (சஸ்பென்ஷன்) இந்தக் கூடுதல் வில்லையும் கணக்கில் சேர்த்தே இசைவாக்கப்பட்டவை. பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்தால் தொங்கல் அமைப்பின் ஓர் உறுப்பையே கழற்றி வைத்ததாகும்; அதன் பலனை ஓட்டுபவரின் முதுகெலும்பு உடனே உணரும்.

ரேடியல் வந்த பின்

மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் பக்கச்சுவரின் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்கோட்டில் ஓடுகின்றன. அவற்றின் மேல், தடப் பகுதிக்கு அடியில், தனியே ஒரு வார்ப்பட்டை சுற்றப்படுகிறது. பக்கச்சுவர் தன் விருப்பத்துக்கு வளையலாம், தடம் தரையில் தட்டையாகவே படிந்திருக்கும். வெப்பம் குறைவு, தேய்மானம் குறைவு, ஈரச் சாலையில் பிடிமானம் அதிகம். இதற்கு அந்நாள் ரேடியல் கேட்ட விலை, தாழ்ந்த வேகத்தில் ஒரு கடுமையும் சாலை இரைச்சலும். கோவென்ட்ரியில் இருந்த ஜாகுவார் பொறியாளர்கள் தயங்கியதற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். எப்படியானாலும், 4.2 லிட்டர் வண்டி விற்பனையிலிருந்த காலத்திலேயே டன்லப் எஸ்பி41 ரேடியல், 185-15 அளவில் (185 மி.மீ. அகலம், 15 அங்குல ரிம்), ஈ-டைப்புக்கு வந்துவிட்டது.

நம் வினாவுக்கு இந்த மாற்றம் முக்கியமானது. ரேடியல் வந்தபோது ஜாகுவார் வண்டியின் ரிம்மை அகலப்படுத்தவில்லை, சக்கர வளைவைத் திருத்தவில்லை, ஸ்டியரிங்கை மாற்றவில்லை. அழுத்தம் மட்டும் ஏறியது. அதாவது, இந்தச் சட்டகம் தன் பிறவி அளவிலேயே ரேடியலை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அதைச் செய்தவர்களின் செயலே சான்று. ‘பழைய வண்டிக்குப் பழைய டயர்தான் நியாயம்’ என்ற வாதம், குறைந்தபட்சம் 4.2 வண்டியைப் பொறுத்தவரை, இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

1971இல் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுடன் வந்த மூன்றாம் வரிசை ஈ-டைப்புக்கு இ70விஆர்15 என்ற அகலமான டயர் கொடுக்கப்பட்டது. 1968இல் ஜாகுவார் தன் எக்ஸ்ஜே6 சொகுசுக் காருக்காக டன்லப்புடன் சேர்ந்து உருவாக்கிய அளவு அது. இன்றைய எழுத்துமுறையில் 205/70-15க்கு நெருக்கமானது: 205 மி.மீ. அகலம், அதில் 70 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம். அந்த டயரோடு சேர்த்து ஜாகுவார் செய்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ரிம் 5 அங்குலத்திலிருந்து 6 ஆனது. இடது வலது சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் கூடியது. சக்கர வளைவுகள் உதடு மடித்து வெளியே விரிக்கப்பட்டன. பவர் ஸ்டியரிங் கட்டாய உறுப்பானது. இருபது மில்லிமீட்டர் அகலம் கூட்டியபோது தொழிற்சாலை இத்தனை வேலையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. இன்று முதல் வரிசை வண்டிக்கு ‘மூன்றாம் வரிசையில் போட்டதுதானே’ என்று சொல்லி 205 டயரை ஏற்றுபவர்கள், அந்த வேலை எதையும் செய்யாமல் டயரை மட்டும் இரவல் வாங்குகிறார்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால்

இன்று ஒரு 15 அங்குல ரிம்முக்குக் கடையில் எளிதாகக் கிடைக்கும் அளவு 195/65-15. பல சாதாரணக் குடும்பக் கார்கள் இதில் ஓடுகின்றன; நல்ல நிறுவனங்களின் தரமான டயர்கள் மலிவாகவே கிடைக்கும். ஆகவே முதலில் இதையே சோதித்துப் பார்க்கலாம்.

185-15 என்று விகிதம் குறிக்காமல் எழுதப்படும் பழைய ரேடியலின் பக்கச்சுவர், அகலத்தில் ஏறத்தாழ 82 விழுக்காடு உயரம் கொண்டது. 185 மி.மீ. அகலத்துக்கு அது 152 மி.மீ.; மேலும் கீழுமாக இருமுறை கூட்டி, 381 மி.மீ. ரிம்மையும் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 684 மி.மீ. 195/65இன் பக்கச்சுவரோ 127 மி.மீ.தான், விட்டம் 635க்குள் அடங்கிவிடுகிறது. 7 விழுக்காடு குறைவு. வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 93இல் போய்க்கொண்டிருக்கும். தூரமானி ஓடாத தூரத்தையும் சேர்த்து எண்ணும். இந்த வண்டிக்கு ஐந்தாவது கியர் கிடையாது. பின்னச்சு விகிதம் 3.07 ஆக உள்ள (பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் உச்ச கியரில் 3.07 முறை சுற்றும்) பிரிட்டன் வண்டியில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,700 சுற்று ஓட வேண்டிய எஞ்சின் 2,900க்கு மேல் ஓடும். நாள் முழுதும் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த 200 சுற்று காதிலும் பெட்ரோலிலும் தெரியும். வண்டியின் அடிவயிறு 25 மி.மீ. தாழ்ந்து, புகைக்குழாய்கள் வேகத்தடைகளுக்கு அருகே வந்துவிடும். கடைசியாக, உயரமான சக்கரத்தை நிரப்புவதற்காக வரையப்பட்ட வளைவுக்குள் ஒரு சிறிய சக்கரம் வெற்றிடம் விட்டு நிற்கும். மால்கம் சேயர் காற்றோட்டக் கணக்குப் போட்டு வரைந்த அந்த உடலுக்கு அது இரவல் செருப்பு மாட்டியது போலத்தான் இருக்கும். இதை நான் கடைசிக் காரணமாகச் சொன்னாலும், ஈ-டைப்பை வாங்குபவர் அதன் வடிவத்துக்காகவே வாங்குகிறார் என்பதால் அற்பமான காரணம் என்று தள்ள மனம் வரவில்லை.

205/70 இந்த வகையில் நெருங்கி வருகிறது. அதன் விட்டம் 668 மி.மீ.; குறைவு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். வேகமானியும் கியரும் பெரிதாகக் கெடாது. அதன் சிக்கல் அகலத்தில் இருக்கிறது. 5 அங்குலம் என்பது 127 மி.மீ.; அந்தக் குறுகிய ரிம்மில் 205 மி.மீ. டயரை மாட்டினால் அது ஏற்கத்தக்க எல்லையின் ஓரத்தில்தான் உட்காருகிறது. பக்கச்சுவர்கள் இருபுறமும் பலூன் போலப் பிதுங்க, திருப்பத்தில் டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் ஆடுகிறது. அகலத்தால் கிடைக்க வேண்டிய கூர்மை அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகிறது. பின்சக்கர வளைவு குறுகலாக உள்ள முதல் வரிசை வண்டியில், பஞ்சரான சக்கரத்தை வழியோரத்தில் வெளியே இழுப்பதும் எளிதாக இருக்காது. நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் கனக்கும். இவை அனைத்தையும் பொறுத்துக்கொண்டு 205 போடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான தேர்வு என்று சொல்ல மாட்டேன், பொருளற்ற தேர்வு என்றே சொல்வேன்.

ஏனென்றால் அகலமான டயர் தரையில் அதிக இடம் பிடிக்கும் என்ற நம்பிக்கையே பாதி உண்மைதான். டயர் தரையைத் தொடும் பரப்பு, பெரும்பாலும் அதன் மேல் இறங்கும் எடையையும் உள்ளே உள்ள காற்றழுத்தத்தையும் பொறுத்தது. இந்தக் கூப்பே ஏறத்தாழ 1,250 கிலோ. இருவரும் பெட்டியும் ஏறினால் 1,440 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 360 கிலோ. 32 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. வகுத்தால் 160 சதுர செ.மீ., நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு. அகலத்தைக் கூட்டினாலும் இந்தப் பரப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. அதன் வடிவம்தான் நீளவாட்டிலிருந்து அகலவாட்டுக்கு மாறுகிறது. உலர்ந்த சாலையில் திருப்பத்தின்போது அகலவாட்டு வடிவம் நல்லது. தேங்கிய மழைநீரில் நீளவாட்டு வடிவமே நல்லது: முன்பகுதி நீரைப் பிளக்க, பின்பகுதி தரையைப் பிடிக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட வண்டி ஓடப்போவது எந்த நாட்டில் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீரில் மிதக்கும் இந்தச் சிக்கலில் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. நாசா ஆய்வாளர்கள் 1960களின் தொடக்கத்தில் விமானச் சக்கரங்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள்: டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் கூடுகிறது. அந்தக் கணக்கில் 23 பி.எஸ்.ஐ.க்கு ஏறத்தாழ 80 கி.மீ., 32க்கு ஏறத்தாழ 94 கி.மீ. நல்ல பட்டன் (தடத்தில் காடிகளுக்கு இடையே நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) உள்ள கார் டயர் நீரைக் காடிகள் வழியே வெளியேற்றுவதால் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்பதை அவை காட்டிவிடுகின்றன. ஆர்எஸ்5இன் சொகுசு அழுத்தம் மழைநாளில் எவ்வளவு குறுகிய வரம்புக்குள் வண்டியை நிறுத்தியது என்பதும் இதில் தெரிகிறது.

டயர் மேல் எழுதியிருக்கும் வேக எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எஸ்’ 180 கி.மீ. வரை, ‘எச்’ 210 வரை, ‘வி’ இன்றைய வரையறையில் 240 வரை, ‘டபிள்யூ’ 270 வரை. எடையைத் தாங்குவதில் 185-15 டயருக்குக் கவலையே இல்லை. தேவை 360 கிலோ, தாங்குவது 600 கிலோவுக்கு மேல். வேகத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சாலை வரம்பு 112 கி.மீ. என்றிருக்க ‘எச்’ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாட ஓட்டத்தில் அதனால் விபரீதம் நேரும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆயினும் 240ஐ நெருங்கக்கூடிய வண்டிக்கு அதன் திறனுக்குக் கீழான டயரைப் போட்டால், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம். ‘185-15’ என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கு வேன் டயரை வாங்கி மாட்டுவதும் நடக்கக்கூடியதே. எடையை அது யானை போலத் தாங்கும், இந்த வண்டி போகும் வேகத்தைத் தாங்காது.

டயருக்குள் இருப்பது

கம்பிச் சக்கரத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தேர்வை முடிக்க முடியாது. அனுபவமுள்ள டயர் கடைக்காரர்கூட இங்கேதான் தவறுகிறார். ஒவ்வொரு கம்பியின் தலையும் ரிம்மைத் துளைத்து உள்ளே வருகிறது. 72 துளைகள். காற்றை இந்த ரிம் தானாக அடைத்து வைக்காது; ஆகவே ட்யூப் போட்டே தீர வேண்டும். நவீன ரிம்களில் டயரின் விளிம்பு உள்ளே சரிந்துவிடாதபடி பிடித்துக்கொள்ளும் சிறு மேடு இருக்கும். அன்றைய ரிம்மில் அதுவும் இல்லை. கம்பித் தலைகளை அரத்தால் சமன்செய்து, அவற்றின் மேல் ரப்பர்ப் பட்டை சுற்றி, பிறகே ட்யூபை வைக்க வேண்டும்.

ட்யூப் போடுவது என்றால் டயரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ட்யூப் இல்லாமல் ஓடுவதற்கென்று வார்க்கப்பட்ட இன்றைய டயர்களின் உட்புறம் பெரும்பாலும் வழவழப்பாக இருப்பதில்லை. சிறு வரிகளும் புடைப்புகளும், சில நேரம் ஒட்டிவைத்த காகிதச் சீட்டுகளும் இருக்கும். ஓட்டத்தில் ட்யூப் இவற்றின் மேல் உராய்ந்து உராய்ந்து மெலிகிறது. பக்கச்சுவர் குட்டையான டயரில் இந்த உராய்வு இன்னும் கடுமை, ஏனெனில் சிறிய உயரத்துக்குள் எல்லா நெளிவும் நிகழ வேண்டியிருக்கிறது. ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். ட்யூப் கிழிந்தால் காற்று கம்பித் துளைகள் வழியே ஒரே மூச்சில் போய்விடும். 195/65ஐ நான் ஒதுக்குவதற்கு வேகமானியைவிடவும் வடிவத்தைவிடவும் இதுவே பெரிய காரணம்.

கம்பிகளும் ஒன்று சொல்ல இருக்கிறது. அகலமான, பசை போலப் பிடிக்கும் நவீன டயர், திருப்பத்தில் உண்டாகும் பக்கவாட்டு விசை முழுவதையும் கம்பிகள் வழியாகத்தான் அச்சுக்குக் கடத்த வேண்டும். ஆர்எஸ்5இன் வழுக்கும் இயல்பு ஒருவகையில் இந்தச் சக்கரத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது: கம்பி முறியும் அளவுக்கு விசை ஏறுவதற்கு முன்னால் டயர் சறுக்கிவிடும். சறுக்கும் முன் எச்சரிக்கவும் செய்யும். கிராஸ்-பிளையின் புகழ் முழுவதும் அந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது. ரேடியலின் எல்லை உயரமானது, ஆனால் அங்கிருந்து விழுவது திடீரென்று. பழங்காலப் பாணியில் வடிவமைத்த 185 ரேடியல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது; உயரமான அதன் பக்கச்சுவர் நெளிந்து, எல்லை நெருங்குவதைக் கைக்குச் சொல்லிவிடும்.

தேர்வு

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நாம் எடுத்துக்கொண்ட வண்டிக்கு 185 விஆர் 15 அளவில் (‘வி’ வேக எழுத்து, ‘ஆர்’ ரேடியல்), விகிதம் குறிக்காத உயரப் பக்கச்சுவருடன், ட்யூபுக்கு ஏற்ற உட்புறம் கொண்ட ரேடியல் டயர்தான் பொருந்துகிறது. பிரெல்லியின் சின்டுராட்டோ சிஏ67 இந்த அளவில் பழைய தோற்றத்துடன் இன்று வார்க்கப்படுகிறது. டன்லப்பின் எஸ்பி ஸ்போர்ட் வகையிலும் இந்த அளவு உண்டு. இவை மலிவானவை அல்ல. குறைந்த எண்ணிக்கையில் வார்ப்பதால் ஒன்றின் விலை சாதாரணக் குடும்பக் காரின் டயரைவிடப் பல மடங்கு இருக்கும். வாங்கும்போது வருந்தத்தான் செய்யும்.

தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலையை அப்படியே காட்ட வேண்டிய கண்காட்சி வண்டி, அதிலும் 4.2க்கு முன் வந்த 3.8 லிட்டர் வண்டி என்றால், 6.40-15 கிராஸ்-பிளைக்கு இடமுண்டு. ஓட்ட வேண்டியவருக்கு அது சோதனைதான். சாலையின் நீளவாட்டு வெடிப்புகளில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஓடும். இரவு முழுக்க நின்ற வண்டியின் நைலான் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, காலையில் சில கிலோமீட்டர் ‘தடக் தடக்’ என்று அடித்த பிறகே உருண்டை வடிவத்துக்குத் திரும்பும். ஓர் அச்சில் மட்டும் ரேடியல் போட்டுச் செலவைப் பாதியாக்கலாம் என்ற எண்ணமும் சிலருக்கு வரும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்-பிளையும் போடுவது பிரிட்டனில் சட்டப்படியே குற்றம்: முன்சக்கரம் பிடிக்க, பின்சக்கரம் நழுவ, வண்டி தன் வாலைத் தானே துரத்தும். பின்னால் மட்டும் ரேடியல் போட்டால் சட்டம் விட்டுவிடும். 265 குதிரைத் திறன் வண்டியில் அந்தச் சிக்கனம் தேவையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்தச் சிறப்பு டயர்களை வாங்கும்போது வழக்கமான ஒரு துணை கிடைக்காது. ஐரோப்பாவில் டயர்களின் மேல் ஒட்டப்படும் ஈரப்பிடிமானத் தரச்சீட்டு, 1990 அக்டோபர் 1க்கு முன் முதன்முறை பதிவான வண்டிகளுக்கென்றே செய்யப்படும் டயர்களுக்குக் கட்டாயமில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே இரண்டு பழம்பாணி டயர்களைக் கடையில் வைத்து எழுத்தைப் பார்த்து ஒப்பிட முடியாது. தயாரிப்பாளரின் பெயரையும், எந்த ஆண்டில் வார்த்தது என்பதையும், அதே வண்டியில் அதை மழையில் ஓட்டியவர்களின் அனுபவத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. கம்பிச் சக்கரத்தைச் சமநிலைப்படுத்தும் எந்திரத்தில், சக்கரத்தின் மையக்குழாய் அச்சில் எப்படிக் கூம்பாக உட்காருகிறதோ அதே கூம்பில் பொருத்த வேண்டும்; சாதாரணக் காருக்கான பிடியில் வைத்து எடை ஒட்டினால், கடையில் சரியாகச் சுழன்ற சக்கரம் சாலையில் நடுங்கும். டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மைச் சுழற்றி அது நெளிகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. புது டயர் போட்டும் நடுக்கம் போகவில்லை என்ற புகாரில் குற்றவாளி பெரும்பாலும் தளர்ந்த கம்பிதான். அழுத்தத்தை முன்பின் இரண்டிலும் 32 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு அது 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் தொடக்க அழுத்தம் போதவில்லை என்பது பட்டறைக் கணக்கு. முதல் 150 கி.மீ. நிதானமாக ஓட்ட வேண்டும். வார்ப்பிலிருந்து எளிதாக விடுபடப் பூசிய மெழுகு தேய்ந்து போகும்வரை புது ரப்பர் வழுக்கும்.

பிறகு வயது. இத்தகைய வண்டிகளின் டயர்கள் மொட்டையாகித் தூக்கி எறியப்படுவதில்லை. பட்டன் முழுதாக இருக்கும்போதே கிழடாகிவிடுகின்றன. ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு, டயர் நெளியும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு நின்றுபோய், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பத்தாண்டு கடந்த டயரை முன்னச்சில் போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் வந்த தடை லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும்தான்; கார்களை அது தொடவில்லை. எனவே ஓர் ஈ-டைப்பின் டயரை ஆண்டுக்கொருமுறை வேறொருவர் குனிந்து பார்ப்பார் என்ற உறுதி இன்று இல்லை. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணை உரிமையாளரே படித்துக்கொள்ள வேண்டும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் வார்த்தது. மேலே படிக்க வேண்டியதில்லை.

டயரை நான்காக வாங்காமல் ஐந்தாக வாங்க வேண்டும். ஸ்டெப்னி பின்பக்கத் தரைப்பலகைக்கு அடியில் ஒரு குழிக்குள் கிடக்கிறது. பெட்டிகளை இறக்கிப் பலகையைத் தூக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். வண்டியிலேயே வயதான டயர் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், அதற்குள் இருக்கும் ட்யூபும் அதே வயதுதான்.